எட்டு நெகட்டிவ்கள்

ஜனவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். முழங்கால் வலி இருக்கிறது. அது எனக்கும் முழங்காலுக்கும் உள்ள விவகாரம். நீயும் உன் மனைவியும் குட்டிப்பெண் கடுகும் நலமா?

எதிர்ப்புற மருந்துக்கடைக்கு நீ போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னாயாம். கடைக்காரர் வந்து சொன்னார். நான் போகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் லாரி வந்து வாசலில் நின்ற பிறகுதான் ஊர் மாறிப் போவதையே எனக்குச் சொன்னாய். இனி உனக்கும் எனக்கும் பேச்சு இல்லை, எழுத்துதான் என்று அன்றைக்கே சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

கடுகின் வலது கண் வெளிப்பக்கமாக ஒதுங்குகிறது, டாக்டர் பழைய போட்டோக்களைக் கேட்கிறார் என்று மட்டும் மருந்துக்கடைக்காரருக்குப் புரிந்திருக்கிறது. கண்ணுக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு போட்டோ எதற்கு? ஒன்பது வயதுப் பெண்ணை நேரில் உட்கார வைத்துப் பார்க்க அவருக்குத் தெரியாதா? விவரமாக எழுது. நாற்பத்திரண்டு வருடம் கேமராவுக்குப் பின்னால் நின்றவளிடம் இப்படி அரைகுறையாகச் செய்தி சொல்லி அனுப்பாதே.

கடுகுக்கு என் முத்தம்.

அக்கா


ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்காலோடு நீ சமாதானமாகப் போக வேண்டுகிறேன். என்னோடு சமாதானம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆதியிலிருந்து எல்லாவற்றையும் டாக்டரிடம் சொன்னோம். ஏழு வாரம் முன்னாலேயே கடுகளவாகப் பிறந்தது, மூன்றாம் நாள் வலிப்பு வந்தது, மூளையின் இடப்பக்கம் பின்னால் ரத்தம் போகாமல் கொஞ்சம் இடம் செத்துவிட்டது, வலப்பக்கத்துப் பார்வை வராது என்று அப்போதே சொன்னார்கள், எல்லாம். பிறகு அவள் ஓடியாடி வளர்ந்ததைப் பார்த்து நீ, 'அந்த டாக்டருக்குத்தான் பார்வை இல்ல' என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

இப்போதைய பிரச்சினை மாறுகண். முன்பு தூரத்தில் பார்க்கும்போது எப்போதாவது ஒதுங்கும் என்பாள் என் மனைவி. இப்போது எப்போதுமே ஒதுங்கியிருக்கிறது. கைக்குழந்தையிலிருந்தே இருந்தது என்று அவள் சாதிக்கிறாள். எனக்குத் தெரியவில்லை, அக்கா. தொலைதூர பஸ் ஓட்டுகிறவன் பிள்ளையைப் பார்த்ததெல்லாம் மடியில் வைத்துத்தான். கிட்டத்தில் கண் நேராகத்தான் இருந்தது.

டாக்டர் கேட்பது இதுதான்: எப்போது ஆரம்பித்தது? பிறந்ததிலிருந்து இருந்தால் ஒரு மாதிரி யோசிக்க வேண்டும், புதிதாக வந்திருந்தால் சீக்கிரம் ஆபரேஷன் செய்து கண்ணை நேராக்க வேண்டும் என்கிறார். அவளும் நானும் சொல்வது வேறு வேறாக இருப்பதால், "போட்டோ பொய் சொல்லாதுங்க, இருந்தா கொண்டாங்க" என்றார். நீ எடுத்த எட்டுப் படங்களும் வேண்டும். எட்டாம் மாதத்தில் ஒன்று, பிறகு ஏழு பிறந்தநாள்.

அனுப்பி வை.

உன் தம்பி


ஜனவரி 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

எட்டுப் படங்களும் பதிவுத் தபாலில் வருகின்றன. அட்டைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். ஈரக் கையோடு தொடாதீர்கள்.

உன் மனைவியிடம் இன்னொரு தடவை காட்டு. நீங்கள் ஊரைவிட்டுப் போவதற்கு முந்தின வாரம் இதே படங்களை மேசையில் வரிசையாக வைத்து, "எங்க கோணல்? விரலை வச்சுக் காட்டு" என்று கேட்டேன். காட்ட முடிந்ததா அவளால்? சட்டைத் தொழிற்சாலையில் நாள் முழுக்கத் தையலில் குறை பார்க்கிற வேலை. வீட்டுக்கு வந்தும் குறைதான் கண்ணில் படும் என்று சொன்னேன். அதற்காக ஊரையே விட்டுப் போவார்களா? என் கையில் வளர்ந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு?

டாக்டர் சொன்னது சரி, போட்டோ பொய் சொல்லாது. பக்கத்துத் தெரு ஸ்டூடியோக்காரன் கிழவிக்குக் குமரி முகம் வரைந்து கொடுப்பான். என் கடையில் அந்த வேலை கிடையாது.

நெகட்டிவ் எதுவும் கேட்க வேண்டாம். அது என் பீரோவைத் தாண்டாது.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே சுமார்.

டாக்டர் படங்களை ஜன்னல் பக்கம் வரிசையாக வைத்து, பூதக்கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எட்டிலும் கண் நேராக இருக்கிறது. ஏழு வயது வரைக்கும் மாறுகண் கிடையாது, அதற்கப்புறம்தான் வந்திருக்கிறது என்று எழுதிவிட்டார். புதிதாக வந்தது என்றால் தலைக்குள் ஏதாவது வளர்ந்து நரம்பை அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டுமாம். அடுத்த வாரம் ஸ்கேன். ஒன்றும் இல்லையென்றால் ஏப்ரல் 22 ஆபரேஷன்.

என் மனைவி படங்களை எடுத்து அட்டைகளுக்கு நடுவே வைத்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது, "அப்போ நான்தான் பைத்தியமா?" என்றாள். நான் டிக்கெட்டை மடித்துக்கொண்டே வந்தேன்.

தலைக்குள் ஒன்றும் இருக்கக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொள், அக்கா. உடனே பதில் எழுது.

உன் தம்பி


மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

உடனே பதில் எழுதவில்லை. வேலை இருந்தது. என்ன வேலை என்று கேட்காதே. நூலகத்துக்குப் போய்வருகிறேன். கண்ணைப் பற்றி இரண்டு புத்தகம், மூளையைப் பற்றி ஒன்று. நான் பள்ளிக்கூடம் ஏழாவதோடு நிறுத்தியவள். கேமராவையும் புத்தகத்தைப் பார்த்துத்தான் கற்றேன், இதையும் கற்கிறேன். நூலகக்காரி, "பரீட்சையாம்மா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன்.

ஸ்கேனில் என்ன வந்தது? அதை எழுதாமல் எப்படி இருக்கிறாய்? தபால்காரர் என் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்காருகிறேன்.

இதற்கெல்லாம் பதில் வேண்டும். அவளுக்கு எதுவாவது இரண்டு இரண்டாகத் தெரிகிறதா? மாடிப்படி இறங்கும்போது எந்தப் பக்கம் கையை வைக்கிறாள்? வலப்பக்கமிருந்து யாராவது வந்தால் தலையைத் திருப்புகிறாளா, திருப்பாமலே தெரிந்துகொள்கிறாளா? பந்தை எறிந்து பார்.

ஆபரேஷனைத் தள்ளிப் போடு. காரணம் கேட்காதே. மூத்தவள் சொல்கிறேன், தள்ளிப் போடு.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. தலைக்குள் புதிதாக எதுவும் இல்லை. ரிப்போர்ட் நேற்றுத்தான் கைக்கு வந்தது.

ஸ்கேன் படத்தை விளக்கிய பெண் டாக்டர் பொறுமைசாலி. பின்மண்டையில் இடப்பக்கம் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வெற்றிடம். பிறந்தபோது செத்த இடம் அதுதான். கண்ணிலிருந்து பின்னால் போகும் நரம்பிழைகளில் கொஞ்சம் அந்த வெற்றிடத்தைச் சுற்றி வளைந்து போய்ச் சேர்ந்திருக்கிறது. நான், "இது எப்படிங்க? யாரு வழி சொன்னாங்க?" என்று கேட்டேன். சிரித்தார். "வளர்ந்தவங்களுக்கு இந்த இடத்துல அடிபட்டா, போட்ட லைன் அறுந்தது அறுந்ததுதான். இவளுக்கு அப்போ லைனே இன்னும் போட்டு முடியல. வேலை நடந்துட்டு இருக்கும்போதே பள்ளம் விழுந்துச்சு, சுத்திப் போட்டுக்கிச்சு. ஆனா கொஞ்சம்தான். வலப்பக்கம் பெரும்பகுதி இருட்டுதான்" என்றார்.

இனி நீ கேட்டது. இரண்டிரண்டாகத் தெரியவில்லையாம். வலப்பக்கமிருந்து பந்து போட்டேன், தலையைத் திருப்பாமலே பிடித்தாள்.

ஒன்று சொல்ல வேண்டும். கண் நேரானால் எப்படித் தெரியுமோ அப்படிக் காட்டும் கண்ணாடி ஒன்றை ஒரு மாதம் போடக் கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டதிலிருந்து கதவு நிலையில் இடித்துக்கொள்கிறாள். "அப்பா, இதப் போட்டா அந்தப் பக்கம் காணாமப் போயிடுது" என்கிறாள். கண் டாக்டர், "புதுசுல அப்படித்தான், பழகிடும்" என்கிறார்.

தேதியைத் தள்ளு என்கிறாய். எதைச் சொல்லித் தள்ளுவது? "எங்க அக்கா சொன்னாங்க" என்றா? படத்தை அனுப்பியது நீ, கண் நேராக இருந்தது என்றது நீ. இப்போது வேண்டாம் என்பதும் நீ. பஸ்ஸில் வலப்பக்கம் திருப்பு என்று கத்திவிட்டு, திருப்பினதும் ஏன் திருப்பினாய் என்று கேட்கிற ஆள் மாதிரி இருக்கிறாய்.

எதையோ மறைக்கிறாய். என்ன அது?

உன் தம்பி


ஏப்ரல் 3

தம்பி மனைவிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுவே முதல் தடவை. தம்பிக்கு எழுதினால் அவன் பாதியை மென்று விழுங்கிவிட்டு மீதியைத்தான் உன்னிடம் சொல்வான்.

இத்துடன் எட்டு நெகட்டிவ் வருகிறது. ஒவ்வொன்றும் தனித்தனி உறையில், தேதியோடு இருக்கிறது. இதையும் அதே டாக்டர் ஜன்னலில் வைத்துப் பார்க்கட்டும்.

நான் நெகட்டிவில் கை வைப்பதில்லை. அது சத்தியம். பிரிண்டில் வைத்தேன். பிளேடு முனையால் வலது கண்ணின் கருவிழியைச் சுரண்டி எடுத்துவிட்டு, வெள்ளை பூசி, ஒற்றை முடித் தூரிகையால் புதுக் கருவிழியை நடுவில் வைத்தேன். பிறகு அந்தப் பிரிண்டையே மறுபடி படமெடுத்து, அதிலிருந்து போட்ட பிரதியைத்தான் உங்களுக்கு அனுப்பினேன். அதனால்தான் பூதக்கண்ணாடியிலும் பிளேடு தடம் தெரியவில்லை. வேலை சுத்தமாக இருந்தது. எட்டாம் மாதப் படத்துக்கு ஒரு நாள் ஆயிற்று. ஏழாவது பிறந்தநாளுக்கு அரை மணி நேரம் போதுமாக இருந்தது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். முதல் படத்தை ஷோகேஸில் வைப்பதாக இருந்தேன். தெருவில் போகிறவன் ஒவ்வொருவனும் நின்று, "பாவம், குழந்தைக்கு என்ன?" என்று கேட்பான். கேட்க விடமாட்டேன் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு வருடம் நேராக இருந்த கண் அடுத்த வருடம் கோணலாக இருக்க முடியாதே. எட்டுப் படம் ஆயிற்று.

புத்தகத்தில் படித்ததைச் சொல்கிறேன், டாக்டரிடம் கேள். கண் கேமரா, மூளை பிலிம் என்று நான் நினைத்திருந்தேன். பிலிம் எரிந்தால் எரிந்ததுதான். இது பிலிம் இல்லை. குழந்தையின் மூளை தனக்கு வருவதை வைத்துத் தன் வரைபடத்தைத் தானே போட்டுக்கொள்கிறது. இரண்டு கண்ணுக்கும் வலப்பக்கம் இருட்டு என்றால், ஒரு கண் வலப்பக்கமாக ஒதுங்கி நின்று அங்கே உள்ளதில் ஒரு துண்டைப் பிடித்துக் கொடுக்கலாம். சின்ன வயதிலேயே ஒதுங்கியிருந்தால் மூளை அந்தத் துண்டைச் சரியான இடத்தில் பொருத்திக்கொள்ளும். அதனால்தான் அவளுக்கு இரண்டிரண்டாகத் தெரியவில்லை. அதனால்தான் கண்ணாடி போட்டால் இடிக்கிறாள். அந்தக் கண்ணை நேராக்கினால் அந்தத் துண்டு போய்விடும்.

இது என் ஊகம். நான் டாக்டர் இல்லை. ஆனால் இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பரிசோதித்தார்களா, ஒரு கண்ணை மூடி மூடிப் பரிசோதித்தார்களா என்று கேள். மூடித்தான் செய்திருப்பார்கள்.

22-ஆம் தேதிக்கு முன்னால் இது அவர் கையில் இருக்க வேண்டும்.

நாத்தனார்


ஏப்ரல் 10

தம்பிக்கு,

பார்சல் வந்ததா? தபாலாபீஸில் ரசீதைக் காட்டிக் கேட்டேன். "வண்டி போயாச்சும்மா, இனி அது பாடு" என்கிறார்கள். நேற்றும் போனேன், இன்றும் போனேன். வராவிட்டால் நான் நேரில் கிளம்பி வருகிறேன். டாக்டர் என்ன சொன்னார்?

உன் மனைவி என்ன சொன்னாள்?

அக்கா


ஏப்ரல் 27

மதிப்புக்குரிய நாத்தனாருக்கு,

நாங்கள் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும்.

பார்சல் 14-ஆம் தேதி வந்தது, மருந்துக்கடைக்காரர் சொல்லியிருப்பார். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அன்றைக்கே நானே எடுத்துக்கொண்டு போனேன். உங்கள் தம்பி டியூட்டியில் இருந்தார்.

டாக்டர் நெகட்டிவ்களை வெளிச்சத்தில் வைத்து, பழைய படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு, "இது யார் வேலை?" என்று கேட்டார். வீட்டுப் பெரியவர் என்றேன். "நான் கேள்வியை போட்டோகிட்ட கேட்டேன், உங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்றார். டாக்டர் ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

மறுநாள் கடுகை, பார்வைப் பரப்பை அளக்கும் கிண்ணம் மாதிரியான மெஷின் முன்னால் உட்கார வைத்தார்கள். புள்ளி புள்ளியாக வெளிச்சம் வரும், தெரிந்தால் பட்டனை அழுத்த வேண்டும். முன்பு ஒவ்வொரு கண்ணாக மூடித்தான் செய்திருந்தார்கள், நீங்கள் சொன்னது சரி. இந்தத் தடவை இரண்டும் திறந்திருந்தது. வலப்பக்கம் நீளமாக ஒரு பட்டை முழுக்க அழுத்தினாள். நான் பக்கத்தில் நின்று பட்டன் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். கண்ணை நேராக்கினால் அந்தப் பட்டை போய்விடும், இப்போது யாரும் அதைத் தொடக்கூடாது என்றார். ஆபரேஷன் ரத்து. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எப்படிச் செய்தீர்கள் என்று இருக்கிறது. எவ்வளவு சுத்தமாகச் செய்தீர்கள் என்றும் இருக்கிறது. எனக்கென்று ஒரு வார்த்தை இல்லை.

ஒரு நாளைக்கு நானூறு சட்டை என் கையைத் தாண்டிப் போகிறது. ஒரு தையல் விட்டுப் போயிருந்தாலும் எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து என் பிள்ளை முகத்தைப் பார்க்கும்போது மட்டும் எட்டு வருடம் என் கண்ணை நானே நம்பவில்லை. அவள் தூரத்தைப் பார்க்க ஜன்னல் பக்கம் திரும்பினால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அதைத் திருப்பித் தர உங்கள் பீரோவில் எதுவும் இருக்காது.

நெகட்டிவ்களைத் திருப்பி அனுப்புகிறேன். எட்டையும் உள்ளபடி பிரிண்ட் போட்டு அனுப்புங்கள். கூடத்தில் மாட்டப் போகிறேன். படம் எடுக்கப்பட்ட வயதில் கண் எவ்வளவு ஒதுங்கியிருந்தது என்று டாக்டரும் கேட்கிறார்.

வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஜூன் 12

கடுகின் அம்மாவுக்கு,

நீங்கள் மூவரும் நலமா? நான் நலம்.

தாமதத்துக்குக் காரணம் உண்டு. இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். மன்னிப்புக் கேட்டு எழுதிப் பார்த்தேன். படித்தால் யாரோ சொல்லிக் கொடுத்து எழுதியது போல் இருந்தது. எனக்கு அது வராது. வராததை உனக்கு அனுப்பினால் அதுவும் பிளேடு வைத்த படம்தான்.

எட்டுப் படங்களும் வருகின்றன. பெரிதாகவே போட்டிருக்கிறேன். டாக்டர் கேட்டதற்கு ஒரு வழி இருக்கிறது. படமெடுக்கும்போது விளக்கின் வெளிச்சம் இரண்டு கருவிழியிலும் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளியாக விழும். கடுகின் இடது கண்ணில் புள்ளி எப்போதும் நடுவில் இருக்கிறது. வலது கண்ணில் மூக்குப் பக்கம் தள்ளி இருக்கிறது. எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, கண் அவ்வளவு வெளியே போயிருக்கிறது என்று அர்த்தம். எட்டையும் ஒரே அளவுக்குப் பெரிதாக்கி, அடிக்கோலை வைத்து அளந்தேன். எட்டாம் மாதத்தில் ஒரு நூல் அளவு. முதல் பிறந்தநாளில் அதைவிட ஒரு பொட்டு அதிகம். இரண்டாவதில் இரண்டு மடங்குக்கு மேல். அவள் நடக்க ஆரம்பித்த வருடம் அது. கதவு, மேசை, ஆட்கள் எல்லாம் வலப்பக்கமிருந்து வர ஆரம்பித்த வருடம். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அந்தக் கண் தானே எழுந்து காவலுக்கு நின்றிருக்கிறது. அதைத்தான் வருடா வருடம் நான் சுரண்டி எடுத்திருக்கிறேன். அளந்து முடித்த அன்று கடையைத் திறக்கவில்லை.

மாட்டுவதற்கு முன்னால் படங்களைத் திருப்பிப் பார். பின்னால் அழியாத மையில் எழுதியிருக்கிறேன். தேதி, வயது, அளவு. அதற்குக் கீழே எட்டிலும் ஒரே வாசகம். ஸ்டூடியோ முத்திரையும் குத்தியிருக்கிறேன், அப்போதுதான் செல்லும். கடுகு பெரியவளாகி எந்தப் படத்தைக் கழற்றிப் பார்த்தாலும் இருக்கும்:

"வலது கண் வெளியே திரும்பியிருக்கிறது. அம்மா அன்றே பார்த்தாள். அத்தை இல்லை என்றாள்."

இப்படிக்கு,
அத்தை